தூத்துக்குடி தோணியும் துறைமுகமும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

தூத்துக்குடின்னாலே உப்பு, மக்ரூன், வ.உ.சி. இந்த மூணோட பேச்சை முடிச்சிடுறாங்க. ஆனா காலேஜ் ப்ராஜெக்ட்னு வர்ற பசங்கள்ல இருந்து வெளிநாட்டுல செட்டில் ஆன நம்ம ஊர்க்காரங்க வரைக்கும் தோணியப் பத்தியும் துறைமுகத்தப் பத்தியும் மாத்தி மாத்தி கேக்குறது ஒரே கேள்விகளைத்தான். அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். வரிசையால்லாம் இல்ல, எங்க வேணா ஆரம்பிச்சு படிங்க.

தூத்துக்குடியில நிஜமாவே கப்பல் கட்டினாங்களா?

கட்டினாங்க, ஆனா நீங்க மனசுல நினைக்கிற இரும்புக் கப்பல் இல்ல. கட்டினது தோணி. முழுக்க மரம், கடற்கரை மணல்லயே ஏரா (அடியில முதுகெலும்பு மாதிரி நீளமா ஓடுற மரம்) போட்டு, மாசக்கணக்குல வேலை பாத்து, அப்படியே கடல்ல தள்ளி விடுறது. கிரேன் கிடையாது, டிரை டாக் (தண்ணிய வடிச்சிட்டு கப்பல் வேலை பாக்குற தொட்டி) கிடையாது, கூரை கூட பாதி நேரம் ஓலைப் பந்தல்தான். யார்டுன்னு போர்டு மாட்டலைங்கிறதால அது கப்பல் கட்டுற தொழில் இல்லைன்னு ஆயிடுமா என்ன.

தோணின்னா சின்ன படகுதானே?

மத்த ஊர்ல அப்படி இருக்கலாம். இங்க தோணின்னா சரக்குக் கப்பல். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, அரிசி, சிமெண்ட், செங்கல், ஜல்லின்னு நூத்துக்கணக்கான டன் ஏத்திக்கிட்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போற சாமான். மீன்பிடிக்கப் போறது வள்ளம், கட்டுமரம், இப்போ விசைப்படகு. அது வேற தொழில், வேற ஆட்கள், வேற கணக்கு. மீனவங்க இருக்குற திரேஸ்புரத்துல போய் வள்ளத்தைக் காட்டி இதான் தோணியான்னு கேட்டா சிரிப்பாங்க.

தோணிக்கு அடி ஏன் தட்டையா இருக்கு?

இந்தக் கேள்வியத்தான் முதல்ல கேக்கணும், ஏன்னா தூத்துக்குடியோட முழு கதையும் இதுலதான் இருக்கு.

நம்ம கடல் ஆழம் கம்மி. மன்னார் வளைகுடாவுல கரை ஓரமா பவளப்பாறை, மணல்திட்டு, தீவுன்னு வரிசையா கிடக்கு, மொத்தம் 21 தீவு. அலை அடங்கி இருக்கும், புயலுக்கு ஒதுங்க நல்ல இடம், ஆனா பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. வெள்ளக்காரன் காலத்துல ஸ்டீமர் வந்தா சில மைல் தள்ளி நடுக்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். பஞ்சு மூட்டையோ உப்போ எதுவா இருந்தாலும் கரையில இருந்து தோணியில ஏத்திட்டுப் போய் கப்பலோட பக்கவாட்டுல கட்டி மேல ஏத்தணும், அங்க இருந்து இறக்குற சாமானையும் அதே மாதிரி தோணிதான் கொண்டு வரணும். அப்போ தோணிக்கு என்ன தேவை? நிறைய சரக்கு ஏத்தணும், ஆனா தண்ணிக்குள்ள கொஞ்சமாத்தான் இறங்கணும். அதனால அகலமான வயிறு, தட்டையான அடி. அழகுக்கு செஞ்சது இல்ல, கடல் போட்ட அளவு அது.

ஆழமில்லாத துறைமுகம்னு இங்கிலீஷ்காரன் ரிப்போர்ட் ரிப்போர்ட்டா குறை எழுதினான். அந்தக் குறைதான் இங்க தோணிக்காரங்க, ஓடாவிங்க (தோணி கட்டுற தச்சருங்க), லோடுமேன்னு ஒரு ஊரையே சாப்பிட வச்சுது. ஆழமான துறைமுகம் வந்ததும் என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன்.

யார் கட்டுறது? ப்ளான், ட்ராயிங் எல்லாம் உண்டா?

கட்டுறவங்க பேரு ஓடாவி. தலைமை ஓடாவி ஒருத்தர் இருப்பாரு, அவருக்குக் கீழ மத்தவங்க. பேப்பர்ல ட்ராயிங் போட்டு கட்டுற பழக்கம் இல்ல. ஏரா எவ்ளோ நீளம்னு முடிவு பண்ணிட்டா மத்த அளவு எல்லாம் அதுல இருந்து பிறக்கும்: அகலம் இவ்ளோ, உயரம் இவ்ளோ, அணியம் (முன்பக்கம்) எவ்ளோ தூக்கணும், அமரம் (பின்பக்கம்) எப்படி முடியணும், பாய்மரம் எங்க நிக்கணும். அந்தக் கணக்கு அப்பாகிட்ட இருந்து பையனுக்கு, மாமாகிட்ட இருந்து மருமகனுக்குன்னு வேலை பாத்து பாத்து வர்றது. மெரைன் இஞ்சினியரிங் படிச்ச பசங்க வந்து நின்னு இது எப்படிங்க கவுறாம மிதக்குதுன்னு கேப்பாங்க, ஓடாவி பதில் சொல்ல மாட்டாரு, வேலையப் பாப்பாரு.

என்ன மரம் போடுவாங்க?

வங்குக்கு, அதாவது தோணியோட விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளைஞ்சு நிக்கிற மரத்துக்கு, கருவேலம், இலுப்பை, வேம்பு மாதிரி நாட்டு மரம். நேரான மரத்தை அறுத்து வளைச்சு எடுக்குறதில்ல, இயற்கையாவே வளைஞ்ச கிளையத் தேடி எடுக்குறது, ஏன்னா நார் ஓட்டம் வளைவோடயே போனாத்தான் உடையாது. அந்த வளைவைத் தேடியே ஓடாவிங்க உள்நாட்டுல ஊர் ஊரா சுத்துவாங்க. வெளிப்பலகைக்கு அயினி, தேக்கு மாதிரி மரம், பெரும்பாலும் மலையாளக் கரைப் பக்கம் இருந்து வரும். இப்போ மரத்தோட விலையும் கிடைக்குற கஷ்டமும் சேந்து புதுத் தோணின்னாலே முதலாளி ரெண்டு தடவ யோசிக்கிறாரு.

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி வராதா?

வராம பண்ற வேலைக்குப் பேரு கலப்பத்து. பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா தோணியோட உசுரே அதுலதான்.

பஞ்சை எடுத்து கையாலயே திரி மாதிரி முறுக்குவாங்க. அதை எண்ணெயில ஊற வச்சு, ரெண்டு பலகை சேருற இடுக்குல வச்சு, வாய் அகலமான மழுங்கல் உளியை மேல வச்சு சுத்தியலால தட்டித் தட்டி உள்ள இறக்குவாங்க. ஒரு சுத்து போட்டு நிறுத்திட முடியாது, மேல மேல திணிக்கணும். முதல்ல அடிக்கும்போது சத்தம் பொத்து பொத்துன்னு சொத்தையா வரும், இடுக்கு நிரம்ப நிரம்ப சத்தம் மாறி கணீர்னு கட்டையில அடிச்ச மாதிரி ஆகும், அப்போதான் அடுத்த முழத்துக்கு நகருவாங்க. ரொம்ப அடிச்சாலும் ஆபத்து, பலகை விலகிடும். அனுபவஸ்தர் கண்ண மூடிக்கிட்டு காதாலயே சொல்லிடுவாரு எந்த இடம் இன்னும் பசியா இருக்குன்னு. அதுக்கு மேல குங்கிலியமும் எண்ணெயும் காச்சின பூச்சு. தண்ணியில இறங்கினதும் மரம் ஊறி உப்பும், பஞ்சும் உப்பும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கும். புதுசா இறக்கின தோணி மொத கொஞ்ச நாள் லேசா கசியத்தான் செய்யும், பயப்பட ஒண்ணுமில்ல.

வருசா வருசம் தோணியக் கரையேத்தி கலப்பத்து பாத்து, அடியில பூச்சு பூசணும். விட்டா கடல்புழு மரத்தை சல்லடையாக்கிடும்.

பாய் இன்னும் இருக்கா, இல்ல இஞ்சின் மட்டும்தானா?

ஒரு காலத்துல முழுக்க பாய்தான். பருமல்ல, அதாவது பாயைத் தாங்குற குறுக்குக் கட்டையில கட்டின பெரிய முக்கோணப் பாய், காத்து மாறும்போது பருமலையே மாத்திப் போடணும், கொஞ்ச நஞ்ச வேலை இல்ல. 1980கள் வாக்குல டீசல் இஞ்சின் வர ஆரம்பிச்சுது, அப்பறம் எல்லாரும் மாட்டிட்டாங்க. இருந்தாலும் பாய்மரத்தை விடல. டீசல் மிச்சம் பிடிக்கலாம், நடுக்கடல்ல இஞ்சின் காலை வாரினா கரை சேரவாவது ஒரு வழி இருக்கும். கவர்மெண்ட் பேப்பர்லயும் இதை இயந்திரம் பொருத்திய பாய்மரக் கப்பல்னுதான் எழுதுவாங்க.

தோணிய ஓட்டுறவரு கேப்டனா?

தண்டல்னு சொல்லணும். சரக்குக்கும் ஆளுக்கும் அவருதான் பொறுப்பு. பழைய தண்டல்கள் திசைகாட்டி ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, நட்சத்திரமும் தண்ணியோட நிறமும் பாத்து போய் வந்தவங்க, இப்போ ஜிபிஎஸ் இருக்கு. கொழும்பு சுமார் 150 கடல் மைல், மாலத்தீவுல மாலே கிட்டத்தட்ட 400 கடல் மைல்.

வருசம் பூரா ஓட மாட்டாங்க. சோழகக் காத்து, கச்சான் காத்து எல்லாம் வேகம் பிடிக்கிற தென்மேற்குப் பருவ மாசத்துல தோணி கரையில கிடக்கும், ரிப்பேர் வேலை எல்லாம் அப்போதான். அதுக்கப்பறம் கடல் இறங்கினதும் சீசன் தொடங்கும். வீட்டுல கல்யாணம் காட்சின்னாலும் தோணிக்காரங்க குடும்பத்துல அந்த மாசத்தைப் பாத்துதான் தேதி குறிப்பாங்க.

கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. கப்பலைத் தூத்துக்குடியிலதான் கட்டினாரா?

இல்ல. நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. அவர் கப்பல் கட்டவும் இல்ல, கையில சுக்கான் பிடிச்சு ஓட்டவும் இல்ல, கப்பல் கம்பெனி நடத்தினாரு. அந்தக் காலத்துல அது கப்பல் ஓட்டுறதை விட பெரிய ரிஸ்க்.

அப்போ தூத்துக்குடி கொழும்பு ரூட்ல பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி வச்சதுதான் சட்டம். அதுக்குப் போட்டியா 1906 அக்டோபர் 16ல சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிய பதிவு பண்ணாங்க. மூலதனம் 10 லட்சம் ரூபா, ஒரு ஷேர் 25 ரூபா, மொத்தம் 40,000 ஷேர். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஆரம்பத்துல பம்பாய் ஷா லைன் கம்பெனிகிட்ட வாடகைக்குக் கப்பல் எடுத்தாங்க, வெள்ளக்காரங்க அந்தக் கம்பெனிய மிரட்டி கப்பலைத் திரும்ப வாங்க வச்சாங்க. இனிமே சொந்தக் கப்பல் இல்லாம முடியாதுன்னு வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்பினாரு. அப்போ மகனுக்கு உடம்பு சரியில்ல, மனைவி மாசமா இருந்தாங்க, போகாதீங்கன்னு தடுத்தவங்ககிட்ட, வந்தா கப்பலோட வருவேன், இல்லன்னா கடல்லயே விழுந்து சாவேங்கிற மாதிரி சொல்லிட்டுப் போனாருன்னு ஊர்ல சொல்லுவாங்க.

1907ல எஸ்.எஸ். காலியா வந்துச்சு, அடுத்து எஸ்.எஸ். லாவோ. காலியாவுல 1300 சாதாரண பயணிகளும் 4000 மூட்டை சரக்கும் ஏத்தலாம். எதிர்க் கம்பெனி டிக்கெட்டைக் குறைச்சு குறைச்சு கடைசியில சும்மாவே ஏத்திட்டுப் போறோம், கூட ஒரு குடையும் தர்றோம்னு இறங்கிட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்குக் கொஞ்ச நாள் நட்டம் ஒண்ணும் பண்ணாது, ஷேர் காசுல ஓடுற கம்பெனிக்கு அப்படியா.

அப்பறம் அந்தக் கப்பல் என்ன ஆச்சு?

1908ல கோரல் மில் வேலைநிறுத்தத்துல வ.உ.சி. தொழிலாளர் பக்கம் நின்னாரு, மார்ச் 12ல கைது. ஜூலையில ஜட்ஜ் பின்ஹே ரெண்டு ஆயுள் தண்டனை குடுத்தாரு, மொத்தம் 40 வருசம். அப்பீல்ல குறைஞ்சுது, இருந்தாலும் கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கு இழுக்க வச்சாங்க. அவர் உள்ள போனதும் கம்பெனி தள்ளாட ஆரம்பிச்சு 1911ல மூடியே போச்சு, கப்பலை வித்துட்டாங்க. போட்டிக் கம்பெனிகிட்டயே வித்தாங்கன்னு கேள்விப்பட்டு அவர் உள்ளுக்குள்ள இருந்து நொந்து போனாராம், சுக்கு நூறா உடைச்சு கடல்ல போட்டிருந்தாக்கூட பரவாயில்லன்னு. 1912 கடைசியில வெளிய வந்தப்போ வரவேற்க ஒரு கூட்டமும் இல்ல. 2011ல துறைமுகத்துக்கு அவர் பேர வச்சாங்க.

கொற்கைதான் பழைய தூத்துக்குடியா?

ஒரே ஊர் இல்ல, ஆனா ஒரே கதை. கொற்கை பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போனது, கிரேக்க ரோமானியப் பயணக் குறிப்புகள்லயே பேர் இருக்கு. தாமிரபரணி மணலைக் கொண்டு வந்து கொட்டிக் கொட்டி கடல் பின்னாடி போயிடுச்சு, இப்போ கொற்கையில இருந்து கடலைப் பாக்கணும்னா வண்டி எடுத்துட்டுப் போகணும். வியாபாரம் காயல்ங்கிற ஊருக்கு நகந்துச்சு, மார்க்கோ போலோ வந்து பாத்த ஊர் அது. அங்கயும் மணல் அடைஞ்சதும் தூத்துக்குடி தலையெடுத்துச்சு. ஆத்து வாயில இல்லாம கொஞ்சம் தள்ளி இருந்ததால நம்ம ஊர் தப்பிச்சுது.

முத்துக்குளிப்பு இன்னும் நடக்குதா?

பெரிய அளவுல கடைசியா நடந்தது 1961ல. அதுக்கப்பறம் பார்ல (கடலுக்கு அடியில சிப்பி கிடக்குற திட்டு) சிப்பி தேறல. முன்னாடி எல்லாம் சீசன் அறிவிச்சா கடல்ல நூத்துக்கணக்குல வள்ளம் நிக்கும், காலுல கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கி, மூச்சு முட்டுற வரைக்கும் சிப்பி அள்ளி, கயித்தை ஆட்டினதும் மேல இருக்குற ஆள் தூக்குவாரு. 1973ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க இங்கதான் செயற்கையா முத்து வளத்துக் காட்டினாங்க. சங்கு குளிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, வங்காளத்துல வளையலுக்கு நம்ம சங்குதான் போகும்.

பர்னாந்து, மோத்தா, கொரேரான்னு பேரெல்லாம் எப்படி வந்துச்சு?

போர்ச்சுக்கீசியர்கிட்ட இருந்து. 1530கள்ல இந்தக் கரையில கடல் தொழில் பாத்த பரதவர் கூட்டம் கூட்டமா கத்தோலிக்கரா மாறினாங்க, முத்துப் பாருக்கு மத்தவங்களோட நடந்த சண்டையில போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பு தேவைப்பட்டது முக்கியக் காரணம். 1542ல சவேரியார் இந்தக் கரைக்கு வந்தாரு. 1658ல டச்சுக்காரன் ஊரைப் பிடிச்சான், 1825ல இங்கிலீஷ்காரன் கைக்கு முழுசா போச்சு. கொடி மாறிக்கிட்டே இருந்துச்சு, கடல்ல இறங்கி வேலை பாத்தவங்க மட்டும் மாறல. பனிமய மாதா கோவில் 1713ல கட்டினது, தங்கத்தேர் 1806ல ஓட ஆரம்பிச்சுது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு உலகத்துல எங்க இருந்தாலும் ஊர்க்காரங்க வந்து சேருவாங்க. புதுத் தோணி கடல்ல இறக்கும்போது சர்ச் சாமியார் வந்து மந்திரிச்சு வைப்பாரு, முதலாளி இந்துவா இருந்தா தேங்காய் உடைப்பாங்க, ரெண்டும் நடந்த தோணியும் உண்டு.

தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் இருந்துச்சாமே?

ரொம்ப வருசம் இருந்துச்சு. 1876ல ரயில் வந்ததும் மெட்ராஸ்ல ஏறி தூத்துக்குடியில இறங்கி கப்பல் மாறி கொழும்பு போவாங்க, போட் மெயில்னு பேரு. 1914ல தனுஷ்கோடி தலைமன்னார் வழி திறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போயிடுச்சு. திரும்ப 2011 ஜூன்ல ஸ்கோட்டியா பிரின்ஸ்னு ஒரு கப்பல் விட்டாங்க, வருசம் முடியறதுக்குள்ளயே நின்னு போச்சு.

புதுத் துறைமுகத்தை எப்படி ஆழமாக்கினாங்க?

கடலுக்குள்ள பாறாங்கல்லைக் கொட்டி ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி அலைத்தடுப்பு கட்டினாங்க, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். நடுவுல தோண்டி ஆழப்படுத்தி, கப்பல் நேரா வந்து சுவத்துல சாஞ்சு நிக்கிற மாதிரி பண்ணிட்டாங்க. 1974 ஜூலை 11ல பெரிய துறைமுகம்னு அறிவிச்சாங்க. இப்போ வருசத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல சரக்கு, நிலக்கரியும் கண்டெய்னரும்தான் அதிகம்.

அப்போ தோணி ஏன் குறைஞ்சுது?

கப்பல் கரைக்கே வந்துட்டா நடுக்கடலுக்கு யார் சரக்கு சுமக்கணும்? அந்த வேலை முதல்ல போச்சு. மிச்சம் இருந்தது கொழும்பு, மாலத்தீவு ரூட். 1983க்கு அப்பறம் இலங்கையில சண்டை, கடல்ல ரோந்து, சந்தேகம், சோதனைன்னு அந்த வியாபாரமும் அடி வாங்குச்சு. அதுக்குள்ள கண்டெய்னர் வந்துடுச்சு. ஒரு பெட்டிய கிரேன் தூக்கி வைக்கிற நேரத்துல தோணியில பலகை வழியா நாலு மூட்டை ஏறியிருக்காது. மரம் விலை, இன்சூரன்ஸ், ஓடாவி வீட்டுப் பசங்க கல்ஃபுக்குப் போறது எல்லாம் அதுக்கு மேல.

இன்னும் ஓடுறது எப்படின்னா, மாலத்தீவுல குட்டிக் குட்டித் தீவு, ஆழமில்லாத துறை, ஒரு கப்பல் நிறைய சரக்கு தேவைப்படாத ஊர். காய்கறியும் ஜல்லியும் கொஞ்சம் கொஞ்சமா கேப்பாங்க. அந்த மாதிரி இடத்துக்கு தட்டை அடிக்காரன்தான் தோது. கேரளாவுல பேப்பூர்ல உருன்னு மரக்கப்பல் கட்டுறாங்களே, அவங்களுக்கு அரபு நாட்டுப் பணக்காரங்க சொகுசுப் படகா வாங்கி கை குடுத்தாங்க. நம்ம தோணிக்கு அப்படி ஒரு வாடிக்கை வரவே இல்ல, இது சரக்கு ஏத்தறதுக்குன்னே பொறந்தது. டூரிஸ்ட் தோணின்னு ஒண்ணு விடலாமேன்னு அடிக்கடி ஐடியா சொல்றாங்க, என்னைக் கேட்டா மொதல்ல ஒரு தோணியையாவது மியூசியமா கரையேத்தி வைக்கணும்.

இப்போ பெரிய கப்பல் கட்டும் தளம் வரப்போகுதாமே?

2025 செப்டம்பர்ல கொச்சின் ஷிப்யார்ட், மசகான் டாக் ரெண்டு பொதுத்துறை கம்பெனியோடவும் தமிழ்நாடு அரசு ஒப்பந்தம் போட்டிருக்கு, மொத்தம் 30,000 கோடி ரூபா முதலீடுன்னு அறிவிப்பு. வந்தா நல்லதுதான், ஐடிஐ படிச்ச பசங்களுக்கு வெல்டிங் வேலையாவது ஊர்லயே கிடைக்கும். ஆனா அதுக்கும் ஓடாவிக்கும் சம்பந்தம் இல்ல, இரும்புக் கப்பல்ல கலப்பத்து அடிக்க ஆள் தேவையில்ல. ரெண்டையும் சேத்து பாரம்பரியம் திரும்புதுன்னு மேடையில பேசுறவங்களைப் பாத்தா கொஞ்சம் எரிச்சலா வரும்.

ஊருக்கு வந்தா என்னென்ன பாக்கலாம்?

தோணி நிக்கிறது பழைய துறைமுகத்துல, உள்ள போக அனுமதி வேணும், கேமராவத் தூக்கிட்டு நேரா கேட்டுக்குப் போய் நிக்காதீங்க. தெரிஞ்ச தோணி முதலாளியோ ஏஜெண்ட்டோ இருந்தா அவங்க மூலமா கேக்குறது சுலபம். பீச் ரோட்டுல சும்மா நடந்தாலே பனிமய மாதா கோவில், பழைய கட்டிடங்கள் எல்லாம் வழியில வரும். முயல் தீவுக்குப் போனா கடல் எவ்ளோ தூரம் முழங்கால் ஆழத்துலயே கிடக்குன்னு நீங்களே இறங்கிப் பாத்துக்கலாம். வ.உ.சி. பொறந்த வீடு ஓட்டப்பிடாரத்துல நினைவு இல்லமா இருக்கு. கொற்கையில குளமும் பழைய வன்னி மரமும் இருக்கு, பஸ் அடிக்கடி கிடையாது, பைக்ல போயிடுங்க. தோணி வேலை நடக்குறதைப் பாக்கணும்னா கடல் மூடியிருக்குற ஜூன், ஜூலை பக்கம் வாங்க, ஓடாவிங்க கரையில இருப்பாங்க, வேலை நேரத்துல மட்டும் கேள்வி கேக்காதீங்க, டீ டைம்ல கேளுங்க.